பிளம்பர் ஒரு நாளைக்கு எத்தனை வீடு?

உனக்கு உத்தியோகம் உசந்துருச்சுன்னு உங்கப்பன் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான், பேராண்டி. சந்தோசம். ‘புதுமைப் பிரிவுத் தலைவர்’னு அட்டை வேற அச்சடிச்சுக் கொடுத்துருக்காக. அதை உங்க அப்பத்தா சாமி படத்துக்குக் கீழ செருகி வச்சு, தெனமும் துன்னூறு பூசிக்கிட்டு இருக்கா. என்ன வேலைன்னு அவளுக்குத் தெரியாது. நீ சொன்ன பிறகு எனக்கும் தெரியலை.

நீ சொன்னதைக் கோர்த்துப் பாத்தா இம்புட்டுத்தான்: வீட்டுக்கு வீடு பிளம்பர், எலக்ட்ரீசியன், ஏசி மெக்கானிக் அனுப்புற கம்பெனி. ரெண்டு வருசமா புதுமை மேல புதுமை. ஆப்போட நிறத்தை மாத்தியாச்சு. சாட்பாட் ஒண்ணு வச்சாச்சு. ‘வணக்கம், நான் உங்கள் தோழி’ன்னு பேசுது, குழாய் ஒழுகுதுன்னா மட்டும் ‘எனக்குப் புரியவில்லை’ங்குது. பிளம்பருக்கெல்லாம் ஊதாக் கலர்ல டி-சர்ட். பெங்களூர்ல இருந்து ஒரு ஆலோசகர் வந்து, சுவர் பூரா மஞ்சச் சீட்டா ஒட்டிட்டு, பில்லையும் அனுப்பிட்டாரு. எண்ணெய்ச் செலவே ஒழிய பிள்ளை பிழைக்கக் காணோம். லாபம் எங்கன்னு முதலாளி கேக்குறாராம். கேக்கத்தானே செய்வாரு.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: உங்க பிளம்பர் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக்குப் போறான்? நீ லேப்டாப்பைத் திறந்த. ஆப்பை எத்தனை பேர் இறக்குனாக, எத்தனை பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டாக, எந்த நேரத்துல எந்தப் பொத்தானை அமுக்குனாக, எல்லாம் இருந்துச்சு. நான் கேட்டது மட்டும் இல்ல. ‘டேட்டா டீம்கிட்டக் கேட்டுச் சொல்றேன் தாத்தா’ன்னுட்ட. நல்லாக் கேளு. அவுக சொல்றதுக்குள்ள எட்டாங்கிளாசோட நின்ன கிழவன் சொல்றதையும் கேட்டு வச்சுக்கோ. நீ பரண்ல போட்டுட்டுப் போன எம்.பி.ஏ. புஸ்தகத்தையெல்லாம் நான்தான் படிச்சு முடிச்சேன். நீ படிச்சதுக்கு அடையாளமா ஒரு பக்கம்கூட மடங்கியிருக்கலை.

முதல்ல உன் தொழிலைப் புரிஞ்சுக்கோ. அதுல சரக்குன்னு ஒண்ணு கிடையாது. நீ விக்கிறது ஆளோட நேரம். பிளம்பர் டீக்கடை பெஞ்சுல சும்மா உக்காந்துருந்த ஒரு மணி நேரத்தை எந்தக் குடோன்லயும் அடுக்கி வச்சு, விலை ஏறுனதும் விக்க முடியாது. ஆள் ஏறாமப் பறந்த விமானத்தோட சீட்டும் அப்படித்தான்; இறங்குனதும் செத்துப்போச்சு. அதனால இந்தத் தொழில்ல புதுமைன்னு எதையாவது செஞ்சா, அது வீணாப்போற நேரத்தை மீட்டுக் கொடுக்கணும். இல்லையா, ‘இதுக்குப் பத்து ரூவா கூடக் கொடுத்தாலும் தகும்’னு வாடிக்கைக்காரன் வாயால சொல்ல வைக்கணும். ரெண்டும் செய்யாத புதுமையைச் சுவத்துல ஒட்டி வைக்கலாம். மஞ்சச் சீட்டா இருந்தா நல்லாவே ஒட்டும்.

அமெரிக்காவுல சவுத்வெஸ்ட்னு ஒரு விமானக் கம்பெனி. 1971-ல டெக்சாஸ் மாகாணத்துக்குள்ள டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோன்னு மூணே ஊருக்குப் பறக்க ஆரம்பிச்சாக. மறு வருசமே கையில காசு இல்ல. இருந்த நாலு விமானத்துல ஒண்ணை வித்துத்தான் செலவைச் சமாளிச்சாக. விமானம் கால் பங்கு குறைஞ்சா பயணத்தையும் கால் பங்கு குறைக்கிறதுதான் உலக வழக்கம். இவுக அட்டவணையில கை வைக்கலை. மூணை வச்சே நாலோட வேலையைப் பாக்கணும், அதுக்கு இறங்குன விமானம் பத்து நிமிசத்துல திரும்ப ஏறணும்னு முடிவு கட்டுனாக. சாப்பாடு ஏத்துற சோலி கிடையாது. அப்ப சீட்டு நம்பரும் கிடையாது. வந்தவன் கண்ட இடத்துல உக்காரு. குப்பை பொறுக்குறது என் வேலையா உன் வேலையான்னு அங்க யாரும் சட்டம் பேசக் கூடாது. புதுசா ஒரு மெஷின் வாங்கலை. ஆப் வைக்கணும்னாலும் அன்னைக்கு அதுக்குப் போன் கிடையாது. அந்தக் கம்பெனி 1973-ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வருசம்கூட நட்டக் கணக்கு எழுதலை. திவாலாகாம இருந்தாலே தேங்காய் உடைக்கிற தொழில் அது.

ஆனா அவுகளையும் தலையில தூக்கி வச்சு ஆடிராத. 2022 கிறிஸ்துமசுக்குப் பனிப்புயல் அடிச்சுச்சு. மத்த கம்பெனியெல்லாம் தடுமாறி எந்திரிச்சிருச்சு. சவுத்வெஸ்ட் மட்டும் படுத்த படுக்கை. பதினாறாயிரத்துக்கும் மேல விமானம் ரத்து. எந்த பைலட் எந்த ஊர்ல இருக்கான்னு கம்பெனிக்கே தெரியலை. ஆளை எங்க அனுப்புறதுன்னு பாக்குற மென்பொருள் பழசாப்போச்சு, மாத்துங்கன்னு பைலட் சங்கம் வருசக்கணக்காக் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. யாரு கேட்டா? அடுத்த வருசம் அமெரிக்க அரசாங்கம் 14 கோடி டாலர் அபராதம் தீட்டுன பிறகு காது கேட்டுருக்கும். பயணி கண்ணுக்குத் தெரியாத இடத்துல செய்ய வேண்டிய புதுமைக்கு எந்த மேடையிலயும் சால்வை போட மாட்டாக. அதனாலதான் அதை எல்லாரும் தள்ளிப் போடுறாக. உன் பிரிவுலயும் அப்படி ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கும், தேடிப் பாரு.

தூரத்துக் கதை போதும். உள்ளூருக்கு வா.

எட்டயபுரத்துக்குப் பக்கத்துல அயன் வடமலாபுரம். அங்க 1918-ல பொறந்தவுக வெங்கடசாமி டாக்டர். பட்டாளத்துல டாக்டரா இருந்துட்டு வந்தவுகளுக்கு முடக்குவாதம் வந்து கைவிரலெல்லாம் கோணிப்போச்சு. அந்தக் கோணல் விரலால கத்தியைப் பிடிச்சுப் பழகி, லட்சம் பேருக்கு மேல கண்ணு ஆபரேசன் பண்ணுனாக. சர்க்கார் ஆஸ்பத்திரியில இருந்து 58 வயசுல ஓய்வு. நம்ம ஆளுகளா இருந்தா பேப்பரும் ஈசி சேருமா உக்காந்துருப்போம். அவுக 1976-ல மதுரையில ஒரு வீட்டைப் பிடிச்சு 11 கட்டில் போட்டு அரவிந்த் கண்ணாஸ்பத்திரியைத் தொடங்குனாக. அந்த 11-ல கொஞ்சம் காசு கொடுக்கிறவுகளுக்கு, மீதி இல்லாதப்பட்டவுகளுக்கு. குடும்பத்து ஆளுகளே டாக்டர், குடும்பத்து ஆளுகளே கட்டடக் கணக்கு. சொந்த வீட்டை அடமானம் வச்சுத்தான் காசு பிறந்துச்சு.

அந்த மனுசருக்கு அமெரிக்கா போனப்ப மெக்டொனால்டு பர்கர் கடை மேல ஒரு கண்ணு. பர்கர் மேல இல்ல. எந்த ஊர்ல போனாலும் ஒரே மாதிரி, ஒரே தரத்துல, பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைகளை வச்சே கொடுக்கிறானே, இதே மாதிரி கண்ணுப் பார்வையைக் கொடுக்க முடியாதான்னு யோசிச்சாக. அந்த யோசனைக்குப் பேரு வைக்க அவுக ஆலோசகர் யாரையும் கூப்பிடலை. ஹார்வர்டு பள்ளிக்கூடம்தான் பின்னால வந்து, 1993-ல அதைப் பாடமா எழுதி வச்சுச்சு. நீயும் டாலர் கணக்குல காசு கட்டி அந்தப் பாடத்தைப் படிச்சிருக்க. நம்ம ஊர்ல இருந்து மதுரைக்கு பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம்!

எனக்குப் புரை எடுத்தது அங்கதான். நம்ம பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டுப் பாத்து, பஸ்சுலயே ஏத்திட்டுப் போனாக. எந்தக் கண்ணுன்னு நெத்தியில அடையாளம். படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை சொட்டு மருந்து விட்டுச்சு, இன்னொண்ணு கண்ணை அளந்துச்சு, மூணாவது பிள்ளை கையைப் பிடிச்சு மேசைக்குக் கூட்டிட்டுப் போச்சு. எல்லாம் நம்ம பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக. பள்ளிப் படிப்பு முடிச்சதும் எடுத்து, ரெண்டு வருசம் அங்கயே பழக்கியிருக்காக. உள்ள ரெண்டு மேசை. ஒண்ணுல நான், ஒண்ணுல ஒரு அம்மா. நடுவுல டாக்டரம்மா. அந்தக் கண்ணை முடிச்சாக, மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்புனாக, என் கண்ணுக்கு வந்துட்டாக. நான் முடியுறதுக்குள்ள அந்த மேசையில ஆள் மாறி, கழுவித் துடைச்சு, தயாரா இருந்துச்சு. அந்தம்மா முருகன் மேல என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு; அது பாட்டு முடியுறதுக்கு முன்னாடி டாக்டரம்மா பாதி வார்டை முடிச்சிருப்பாக போல.

இங்க நல்லாக் கவனி. அந்த ஆஸ்பத்திரியில விலை கூடுன சரக்கு எது? கட்டடமா, மெஷினா? டாக்டரோட நேரம். டாக்டர் மட்டும்தான் செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர்கிட்ட விட்டாக. மீதி எல்லாத்தையும் பிரிச்சு, பழக்கி, அடுத்த கைக்கு மாத்துனாக. மத்த இடத்துல ஒரு கண் டாக்டர் வருசத்துக்குச் சில நூறு ஆபரேசன் பண்ணுனா, அங்க ரெண்டாயிரம் வரைக்கும் பண்ணுறாக. அவசரத்துல கண்ணைக் கெடுத்துருவாகளோன்னு சந்தேகப்பட்டவுக சீமை ஆஸ்பத்திரிக் கணக்கோட வச்சு ஒப்பிட்டும் பாத்தாக. இங்க குறைச்சல் இல்ல. ஒரே வேலையை நாள் பூரா செய்யுற கை தப்பாது. ஒரு ஆபரேசனுக்கு ஆகுற செலவு இப்படி இறங்குனதாலதான், காசு கொடுக்கிறவுககிட்ட நியாயமா வாங்கி, பாதிப் பேருக்கு மேல இலவசமாவும் சலுகையாவும் பாத்துட்டும், கையில மிச்சம் நின்னு அடுத்த ஊர்ல ஆஸ்பத்திரி கட்ட முடிஞ்சுது. தருமத்துக்குக் கை நீட்டி நடத்துன ஆஸ்பத்திரி இல்ல அது. கணக்குப் பாத்து நடத்துன ஆஸ்பத்திரி.

பஸ் கதையையும் கேட்டுக்கோ. ஆரம்பத்துல இலவச ஆபரேசன்னு கேம்ப்ல சொல்லியும் சனம் வரலை. இன்னைக்கு ஆளுகளா இருந்தா ‘விழிப்புணர்வு போதாது’ன்னு சொல்லி ஒரு விளம்பரப் படம் எடுத்துருப்பீக, நடிகை வச்சு. அவுக போய் விசாரிச்சாக. மதுரைக்குப் போக பஸ்சுக்குக் காசு இல்ல, அங்க சோத்துக்கு வழியில்ல, கூட வர ஆளு வேலையை விட்டுட்டு வரணும். ஆபரேசன்தான் இலவசம், போறதுக்கு ஆகுற செலவு இலவசம் இல்லையே. சோறும் பஸ்சும் சேத்துக் கொடுத்த பிறகு கூட்டம் வந்துச்சு. சோத்தையும் பஸ்சையும் எந்த மாநாட்டுலயும் புதுமைன்னு பேச மாட்டாக. ஆனா ரெண்டு மேசைக்கும் ஆளைக் கொண்டாந்து நிரப்புனது அதுதான். மேசை காலியாக் கிடந்தா டாக்டரம்மா எம்புட்டு வேகமா இருந்து என்ன பிரயோசனம்?

அப்புறம் லென்ஸ். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்தப்ப நூறு டாலர் பக்கம் விலை. அந்த விலையில ஏழைக்கு வச்சுக் கட்டாது. 1992-ல ஆரோலேப்னு மதுரையிலயே ஒரு தொழிற்சாலை போட்டு, பத்து டாலருக்குக் கீழ கொண்டாந்து, இப்ப நூறு நாட்டுக்கு மேல ஏத்துமதி. 2004-ல இருந்து சின்ன ஊர்கள்ல கண் மையம் திறந்துருக்காக. அங்க பழக்குன பிள்ளை கண்ணைப் பரிசோதிக்குது, டாக்டர் தூரத்துல இருந்து கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுறாக. இதை ஞாபகத்துல வையி, உன் பிளம்பருக்கு வேணும்.

இந்த ஆஸ்பத்திரிக்காரவுக இன்னொரு காரியம் பண்ணுறாக. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கலை. வாங்க, வந்து பாத்துட்டுப் போங்கன்னு தனியா ஒரு நிறுவனமே வச்சு நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக் கொடுத்துருக்காக. கத்துக்கிட்டுப் போனவுக நல்லாத்தான் இருக்காக. ஆனா அரவிந்தை அப்படியே உரிச்சு இன்னொரு ஊர்ல நட முடியலை. மேசையை வாங்கலாம். ரெண்டு மேசைக்கு நடுவுல உக்காந்து அலுக்காம வேலை பாக்குற டாக்டரையும், அந்தப் பிள்ளைகளைப் பழக்குற பொறுமையையும் எந்தக் கடையில வாங்குறது? அமெரிக்காவுலயும் கான்டினென்டல்னு பெரிய கம்பெனி, சவுத்வெஸ்ட்டைப் பாத்து 1993-ல ‘லைட்’னு ஒரு சேவை தொடங்கி, 1995-ல மூடிட்டுப் போச்சு.

இப்ப உன் ஆப்புக்கு வர்றேன். கரிசக்காட்டுல ஒரு வருசம் பருத்திக்குப் பதிலா வெங்காயம் போட்டு ஒருத்தன் நல்ல காசு பாத்தான்னு வையி. மறு வருசம் ஊரே வெங்காயம் போடும். விலை விழும். சந்தையில வாங்குறவளுக்குக் கொண்டாட்டம். நீங்க செய்யுற புதுமைல முக்காவாசி இந்த வெங்காயம்தான். ஊதா டி-சர்ட்டை எதிர்க் கம்பெனி ஒரு வாரத்துல பச்சையில தச்சுருவான். சாட்பாட்டை மாச வாடகைக்கு எல்லாருக்கும் விக்கிறான். சேவைத் தொழில்ல வேலி போடுறது கஷ்டம் பேராண்டி. பாதிப் புதுமையோட லாபம் வாடிக்கைக்காரன் மடியிலதான் போய் விழும்.

ஏ.டி.எம்.மைப் பாரு. 1967 ஜூன்ல லண்டன் பக்கம் என்ஃபீல்டுல பார்க்ளேஸ் பாங்கு முதல்ல வச்சுச்சு. இந்தியாவுல 1987-ல பம்பாயில எச்.எஸ்.பி.சி. வச்சுச்சு. அதுக்கு முன்னாடி நம்ம பாங்குல நம்ம காசை எடுக்கப் பித்தளை டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு, கேஷியர் எப்ப முகம் கொடுப்பாருன்னு தவம் கிடப்போம். மெஷின் வந்து அந்தத் தவத்தைக் கலைச்சுச்சு. ஆனா எந்த பாங்காவது ஏ.டி.எம். வச்சதாலயே மத்த பாங்கை மிஞ்சிப் பணக்காரனாச்சா? எல்லாரும் வச்சாக. வைக்காதவனுக்குத்தான் நட்டம். இது மாதிரிப் புதுமை லாபம் தராது, தொழில்ல நிக்கிறதுக்கான வாடகை. வாடகை கொடுக்கிறது தப்பில்ல. அதை வருமானம்னு முதலாளிகிட்டக் கணக்குக் காட்டாத.

வேலி தானாக் கிடைச்சவனும் உண்டு. ரயிலுக்கு டிக்கெட் எடுக்க 1986-ல டெல்லியில கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு, அதுக்குன்னு ஒரு வரிசை. கம்ப்யூட்டர் வந்தும் வரிசை போகலை. நிக்கிற சன்னல்தான் மாறுச்சு. 2002-ல ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்துல டிக்கெட் விக்கத் தொடங்குன பிறகுதான் விசயமே மாறுச்சு. இப்ப என்ன நடக்குது? கிளார்க் பாத்த வேலையை நீயே பாக்குற. பேரு, வயசு, ஆணா பெண்ணா, மேல படுக்கையா கீழ படுக்கையா, எல்லாம் நீயே அடிச்சுக் கொடுக்குற. அதுக்குச் சம்பளம் கேக்கலை. வசதிக் கட்டணம்னு நீயே காசும் கொடுக்குற. இதை யோசிச்சவன் காலைத் தொட்டுக் கும்பிடணும். 2019 அக்டோபர்ல அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்த அன்னைக்கே பங்கு விலை ரெட்டிப்பாச்சு. ஏன்? ரயில் டிக்கெட் வெங்காயத்தை வேற எவனும் பயிர் பண்ண முடியாது. உன் முதலாளி ‘நாமளும் அந்த மாதிரி’ன்னு பேசுனா, முதல்ல ரயில்வே எங்கய்யா இருக்குன்னு கேளு.

வேலியும் இல்லாம, ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய ஏற்பாடும் இல்லாம காசு பாத்த ஒரு வழியையும் சொல்றேன். யு.பி.ஐ. 2016-ல வந்துச்சு. 2020-ல இருந்து அதுக்குக் கடைக்காரன்கிட்டக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. உலகத்துல பெரிய புதுமை; ஆனா டீக்குக் காசு அனுப்புனா அனுப்ப வச்ச கம்பெனிக்குக் கடைக்காரன்கிட்ட இருந்து சல்லிக்காசு வராது. நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடையில என்னாச்சு தெரியுமா? கூட்ட நேரத்துல மாஸ்டர் ஒரு கையில பால் சட்டி, ஒரு கையில வடிகட்டி. காசு வந்துச்சான்னு போனை எடுத்துப் பாக்க மூணாவது கை இல்ல. அதைக் கண்டுக்கிட்ட பயலுக பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிட்டு டீயும் வடையுமா முடிச்சிட்டுப் போயிட்டானுக. 2019-ல பேடிஎம்காரன் ஒரு பேசுற பெட்டியைக் கொண்டாந்தான். காசு விழுந்ததும் இத்தனை ரூவா வந்துருச்சுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சத்தம் போடும். மாசா மாசம் அதுக்கு வாடகை. காசு அனுப்ப ஒரு பைசா கொடுக்காத டீக்கடைக்காரன் பெட்டிக்கு வாடகை கொடுக்கிறான். அந்தப் பெட்டியையும் மத்தவன் காப்பி அடிச்சான், அது வேற. ஆனா பால் சட்டியைப் பிடிச்சவன் கஷ்டத்தை நேர்ல போய்ப் பாத்தவனுக்குத்தான் அந்தப் பெட்டி தோணியிருக்கும். ஏசி ரூம்ல உக்காந்தவனுக்கு ‘கடைக்காரர் ஆப்புக்குப் புது நிறம்’னுதான் தோணும்.

இன்னொரு விசயம், எல்லாத்தையும் வேகப்படுத்த முடியாது. நம்ம சலூன்கடைக்காரர் என் தலையை முடிக்க என் அப்பன் காலத்துல எம்புட்டு நேரம் ஆச்சோ இன்னைக்கும் அம்புட்டுத்தான் ஆகுது; முடி குறைஞ்சதுக்குக் கொஞ்சம் தள்ளுபடி செய்யலாம். நேரம் மாறலை, கூலி மட்டும் மாறிருச்சு. வெளிய மத்த வேலைல கூலி ஏறுறப்ப இவரும் ஏத்தாட்டி கடையைப் பூட்டிட்டுப் போயிருவாரு. வில்லியம் பாமல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1966-லயே கச்சேரிக்காரர்களை வச்சு இதை எழுதி வச்சாரு. நீ பிளம்பரை முடுக்குனாலும் பசை காயுற நேரம் காஞ்சுதான் ஆகும். அவன் கமிஷன்ல கை வச்சுட்டு ‘செயல்திறன் புதுமை’ன்னு பேரு வைக்காத. அதுக்கு நம்ம ஊர்ல பிடுங்குறதுன்னு பேரு.

பொறுமையும் வேணும். ராபர்ட் சோலோன்னு நோபல் பரிசு வாங்குனவர் 1987-ல புலம்புனாரு, கம்ப்யூட்டர் எங்க பாத்தாலும் இருக்கு, உற்பத்திக் கணக்குல மட்டும் காணோம்னு. மெஷினை வாங்கிப் பழைய மேசையிலயே வச்சுட்டு, பழைய ஆளை, பழைய வேலையைப் பாக்கச் சொன்னா கணக்குல எப்படித் தெரியும்? ரெண்டு வருசத்துல லாபம் கேக்குற உன் முதலாளி பக்கம் நியாயம் இல்லதான். ஆனா ரெண்டு வருசமா நிறம் மாத்துன உன் பக்கமும் இல்ல.

சரி, உன் பிளம்பருக்கு வா. நானே சொல்றேன் அவன் நாள் எங்க போகுதுன்னு. காலையில தாம்பரத்துல ஒரு வீடு, மத்தியானம் அம்பத்தூர்ல ஒண்ணு, சாயங்காலம் திருவான்மியூர். பாதி நாள் பைக்குல. மீதில பாதி ஹார்டுவேர் கடையில. ஏன்னா ‘குழாய் ஒழுகுது’ன்னு மட்டும்தான் உன் ஆப்ல போட்டுருக்கு. அவன் போய்ப் பாத்தாத்தான் தெரியும், அரை இஞ்சு வாசரா, வால்வே போச்சா, தொட்டிக்குள்ள மிதவையான்னு. பாத்துட்டுக் கடைக்குப் போறான். கடைக்காரன் அளவு இல்லைங்குறான். அடுத்த கடை. திரும்பி வந்தா வீட்டுக்காரம்மா ‘எங்கப்பா போன, மணி என்ன?’ன்னு ஒரு பாட்டு. பொருளுக்கு அவன் கமிஷன் அடிச்சிருப்பானோன்னு சந்தேகம் வேற. அதுக்கு ஒரு நட்சத்திரம் குறையும். நீ அந்த நட்சத்திரத்தை வச்சு அவனுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்ப. விளங்கிரும்.

முட்டி தேஞ்சு மாடி ஏற முடியாத பழைய பிளம்பர் உன் கம்பெனியில யாராவது இருப்பான். அவனை ஆபீஸ்ல உக்கார வையி. வாடிக்கைக்காரி ஒழுகுற குழாயைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். அவன் ஒரு பார்வை பாத்தா இன்ன சாமான், இன்ன அளவுன்னு சொல்லிருவான். சாமான் பையோட போகட்டும். ஒரு ஆளுக்கு ஒரு பேட்டையைக் கொடு. தாம்பரத்தான் தாம்பரத்துலயே சுத்தட்டும். கண் மையத்துல டாக்டர் தூரத்துல இருந்து பாக்குறாகன்னு சொன்னேனே, அதுதான் இது. உன் எம்.பி.ஏ. புஸ்தகத்துல இருந்ததுதான்.

இன்னொண்ணையும் நீ என்கிட்ட மறைச்ச. ஒரு தடவை வந்த பிளம்பர்கிட்டயே நம்பரை வாங்கிட்டு, அடுத்த தடவை உன் ஆப்பைத் தொடாமக் கூப்பிட்டுக்கிறாக. உண்டா இல்லையா? லாபம் ஒழுகுற குழாய் அதுதான். நல்ல வேலைக்காரனை அனுப்புனா அவனோட போயிருவாக, மோசமான ஆளை அனுப்புனா உன்னை விட்டுப் போயிருவாக. தனியா வர்ற பிளம்பர் கொடுக்க முடியாத ஒண்ணை உன் கம்பெனி கொடுக்கணும்: மறுபடி ஒழுகுனா காசில்லாம வந்து பாக்கோம், அவன் ஊருக்குப் போயிருந்தாலும் அதே பையோட வேற ஆள் வருவான்னு எழுதிக் கொடு. அந்தப் பேட்டைப் பிளம்பருக்கும் ஆப் வழியா வர்ற வேலைதான் லாபம்னு ஆக்கிக் காட்டு. அவனுக்குத் தினம் ரெண்டு வீடு கூடுனா அவன் ஏன் தனி நம்பர் கொடுக்கப் போறான்?

திங்கக்கிழமை ஆபீசுக்குப் போகாத. ஒரு பிளம்பரைக் கேட்டு, அவன் பைக்குல பின்னால உக்காந்து போ. எந்த வீட்டுல எத்தனை மணிக்கு நுழைஞ்சான், எத்தனை மணிக்குக் கடைக்குப் போனான், எத்தனை மணிக்குத் திரும்புனான்னு குறிச்சுக்கோ. ஒரு வாரம் அப்படிச் சுத்திட்டு வந்து முதலாளிகிட்டப் பேசு. டேட்டா டீம் பதில் அனுப்புறதுக்கு முன்னாடியே உன் கையில கணக்கு இருக்கும்.